ஒரு சொல், பல பொருள்: வாசிக்கும்போது சரியான பொருளைப் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தெரியாத சொல் வாசகரை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. தெரியவில்லை என்று தெரிகிறது, நின்று தேடுகிறார். ஏமாற்றுவது தெரிந்த சொல்தான். ‘மாண்ட என் மனைவியொடு மக்களும் நிரம்பினர்’ என்ற புறநானூற்று வரியைப் படித்துவிட்டு, ஐயோ, புலவரின் மனைவி இறந்துவிட்டாரே என்று வருந்துகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். ‘மாண்ட’ என்பதற்கு அங்கே ‘மாண்பு மிக்க’ என்று பொருள்.

புதிதாகப் பழைய நூல்களுக்குள் நுழைகிறவர்கள், தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்கள், மொழிபெயர்க்கத் தொடங்கியவர்கள் என எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். சொல்லைப் பார்த்ததும் அகராதியைத் திறந்து, முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து வாக்கியத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அகராதி பொருள்களை வரிசையாக நிறுத்தும், அவ்வளவுதான். எந்தப் பொருள் என்று சொல்ல வேண்டியது வாக்கியம். கீழே உள்ள படிகளின் வரிசை அதனால்தான் முக்கியம். அகராதி நான்காவதாகத்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

மூன்று கருவிகள் போதும். இன்றைய எழுத்துக்கு ஓர் அகராதி, பழைய எழுத்துக்கு ஓர் அகராதி, ஒரு குறிப்பேடு.

இன்றைய உரைநடைக்கு ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ நல்ல துணை. 1992இல் முதல் பதிப்பு வந்தது. 2008, 2020 ஆண்டுகளில் விரிவான பதிப்புகள் வந்தன. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவது இதன் பலம். பழைய இலக்கியத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘தமிழ் லெக்சிகன்’. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் பின்னிணைப்பும் சேர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இதை இலவசமாகவே தேடலாம்.

இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். சங்கப் பாடலுக்குத் தற்கால அகராதியைத் திறந்தால் சொல்லே இருக்காது, அல்லது இன்றைய பொருள் மட்டும் இருக்கும். நாவலுக்கு லெக்சிகனைத் திறந்தால் இருபது பொருள் வந்து விழும், பாதி இன்று வழக்கில் இல்லாதவை.

அகர வரிசையிலும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘பட்டம்’ முதலில், ‘படகு’ பிறகு. ‘ன’ தமிழ் எழுத்துகளில் கடைசி. ஆகவே ‘மனம்’ என்ற சொல்லை ‘மந்திரம்’ அருகே தேடினால் கிடைக்காது, பல பக்கங்கள் தள்ளிப் போக வேண்டும்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. ‘ஔவை’ என்பதில் முதல் எழுத்து ஒரே எழுத்து. அதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். ‘சொல் இல்லை’ என்று பதில் வந்தால் முதலில் தட்டச்சைச் சந்தேகியுங்கள்.

2. வாக்கியத்தை முடியும் வரை படியுங்கள்

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஒரு பெயர்ச்சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் சாட்சி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நடுவிலேயே நின்று அகராதிக்குப் போனால் சாட்சியை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

முழு வாக்கியத்தையும் படித்ததும், அகராதியைத் தொடாமல், இந்த இடத்தில் என்ன பொருள் வந்தால் சரியாக இருக்கும் என்று ஓர் ஊகத்தை எழுதி வையுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகம் இல்லாமல் அகராதிக்குப் போகிறவர், முதல் பொருளையே எடுத்துக்கொண்டு திரும்புவார்.

3. சொல்லைப் பிரியுங்கள்

அச்சில் ஒரே சொல்லாகத் தெரிவது பல நேரம் இரண்டு மூன்று சொற்களின் சேர்க்கை. சேரும்போது எழுத்து மாறியும் போகும். ‘பொற்குடம்’ என்பதில் இருப்பது பொன். ‘முட்செடி’யில் முள். ‘மட்குடம்’ என்பதை ‘மட்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, மண்ணைத் தேட வேண்டும். வல்லினத்துக்கு முன் ‘ற்’, ‘ட்’ தெரிந்தால், அவை ன், ல், ண், ள் ஆகியவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சில சொற்கள் பிரித்தாலும் பொருள் தரும், பிரிக்காமல் விட்டாலும் பொருள் தரும். இலக்கணத்தில் இவற்றைப் பொதுமொழி என்பார்கள். ‘தாமரை’ பூவாகவும் இருக்கலாம், தாவுகிற மரை என்ற மானாகவும் இருக்கலாம். ‘வேங்கை’ மரம், புலி, அல்லது வேகின்ற கை. ‘பலகை’ மரப்பலகை, அல்லது பல கைகள். சிலேடைப் பாடல்கள் இந்த இரட்டைத் தன்மையை வைத்தே விளையாடுகின்றன. சாதாரண வாசிப்பில் ஒரு விதி போதும்: பிரிக்காமல் பொருள் கிடைத்தால் பிரிக்காதீர்கள், கிடைக்காவிட்டால் மட்டும் கத்தியை எடுங்கள்.

4. பகுதியைக் கண்டுபிடித்து, பிறகு அகராதியைத் திறங்கள்

பகுதி என்றால் சொல்லின் அடிவடிவம். அகராதியில் ‘கற்றான்’ இருக்காது, ‘கல்’ இருக்கும். ‘கேட்டான்’ இருக்காது, ‘கேள்’ இருக்கும். ‘ஆண்டான்’ என்பதன் பகுதி ‘ஆள்’. பெயர்ச்சொல்லும் அப்படியே: ‘ஆற்றில்’ என்றால் ஆறு, ‘நாட்டை’ என்றால் நாடு. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் மதிப்பெண்ணுக்காகப் படித்தது நினைவிருக்கும். அது உண்மையில் உதவுவது இங்கேதான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு வேறு பகுதிகள் ஒரே வடிவத்தில் வந்து நிற்கலாம். தொடக்கத்தில் பார்த்த ‘மாண்ட’ அப்படிப்பட்டது. ‘மாள்’ (இறத்தல்) என்ற பகுதியிலிருந்தும் ‘மாண்ட’ வரும், ‘மாண்’ (சிறத்தல்) என்ற பகுதியிலிருந்தும் ‘மாண்ட’ வரும். இன்றைய பேச்சில் முதலாவதுதான் பழக்கம், அதனால் கை அங்கேயே போகிறது. ஒரு பகுதி கிடைத்ததும் நின்றுவிடாமல், வேறு பகுதியும் இந்த வடிவத்தைத் தருமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வினைச்சொற்களில் இறந்தகாலத்தைப் பாருங்கள், அது பொருளைப் பிரித்துக் காட்டும். ‘படி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘படிந்தது’ என்றால் தங்கியது, அடங்கியது. ‘படித்தது’ என்றால் வாசித்தது, கற்றது. பகுதி ஒன்றுபோலத் தெரிந்தாலும் வினை வேறு. லெக்சிகன் இவற்றை ‘படி-தல்’, ‘படி-த்தல்’ என்று தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் எண் எந்த வகை வினைத்திரிபு என்று சொல்கிறது. தப்பான பதிவுக்குள் நுழைந்துவிட்டு, அங்கே பொருள் பொருந்தவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

5. பதிவை முழுவதும் படியுங்கள்

முதல் பொருள் மிகச் சரியான பொருள் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. கடைசி வரி வரை படியுங்கள். தலைச்சொல்லின் மேலே சிறிய எண் இருந்தால், அதே எழுத்துகளில் வேறு சொற்களும் உண்டு என்று அர்த்தம், அவற்றையும் புரட்டுங்கள்.

‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற வரியில் ‘கேளிர்’ என்பதை ‘எல்லாரும் கேளுங்கள்’ என்று புரிந்துகொள்கிறவர்கள், ‘கேள்’ என்ற வினையோடு நின்றுவிட்டவர்கள். அதே வடிவில் ‘கேள்’ என்ற பெயர்ச்சொல்லும் உண்டு, உறவு என்று பொருள். ‘கேளிர்’ என்றால் உறவினர். ஒரு சிறு நுட்பமும் இருக்கிறது: ‘கேளீர்’ என்று நெடிலாக எழுதியிருந்தால்தான் அது ‘கேளுங்கள்’ என்ற அழைப்பு. குறிலா நெடிலா என்று பார்த்திருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

லெக்சிகனில் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் அடைப்புக்குள் ஒரு சுருக்கம் வரும். அது அந்தப் பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்கிறது. ‘பிங்.’ என்றால் பிங்கல நிகண்டு, ‘சூடா.’ என்றால் சூடாமணி நிகண்டு, ‘திவா.’ என்றால் திவாகரம். மூன்றும் நிகண்டுகள், அதாவது செய்யுளில் எழுதப்பட்ட பழைய சொற்பொருள் நூல்கள். இதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. ஒரு பொருளுக்கு நிகண்டு மட்டுமே சான்றாக இருந்தால் நான் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். இலக்கிய மேற்கோள் இருக்கும் பொருளுக்கு முதல் உரிமை, ஏனென்றால் யாரோ ஒருவர் அந்தச் சொல்லை அந்தப் பொருளில் உண்மையாகவே பயன்படுத்தியிருக்கிறார்.

6. வினை, இனம், சார்பு: மூன்று கேள்விகள்

இப்போது கையில் பல பொருள்கள். எது நம்முடையது? இதற்குத் தொல்காப்பியமே வழி சொல்லியிருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்கிறது சொல்லதிகாரம். இதைவிடக் கச்சிதமான முறையை நான் இன்னும் பார்க்கவில்லை. கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

முதலில் வினை. ‘திங்கள் எழுந்தது’ என்றால் நிலா. ‘மூன்று திங்கள் கழிந்தன’ என்றால் மாதம். வினைச்சொல் மாறினாலே பொருள் பிரிந்துவிடுகிறது, பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் இந்த முதல் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

வினை காட்டிக்கொடுக்கவில்லை என்றால் இனம். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ‘திங்களும் செவ்வாயும் விடுமுறை’ என்றால் கிழமை, ‘செவ்வாய்’ துணைக்கு நிற்பதால். ‘மா’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு மாமரம், விலங்கு, குதிரை, மாவு, பெரிய, திருமகள், இருபதில் ஒரு பங்கு என்று பல பொருள் உண்டு. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்று வந்தால் மருதமரம் பக்கத்தில் இருப்பதால் அது மாமரம்தான்.

மூன்றாவது சார்பு. யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சூழலில்? போருக்குக் கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரை. சமையலறையில் இருப்பவர் அதையே சொன்னால் வேறு.

மூன்றையும் ‘மாண்ட என் மனைவி’யிடம் வைத்துப் பாருங்கள். ‘நிரம்பினர்’ என்ற வினை மக்களைப் பற்றியது, அது உதவவில்லை. இனம் ஓரளவு உதவுகிறது: மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் என்று நல்லவர்களின் பட்டியலாகவே பாடல் போகிறது. சார்பு முடித்துவைக்கிறது. ‘இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி?’ என்ற கேள்விக்குப் பிசிராந்தையார் சொல்லும் பதில் அந்தப் பாடல். கவலை இல்லாத வாழ்க்கைக்குக் காரணம் அடுக்குகிறவர், மனைவி இறந்ததை முதல் காரணமாகச் சொல்வாரா?

இன்னொன்று. ‘அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில்’ என்று பாரியின் மகளிர் பாடும் வரியில் ‘திங்கள்’ எது? நிலவு அதே வரியில் தனியாக வந்துவிட்டது. ஆகவே திங்களை மாதம் என்று கொள்வதே பொருந்தும். ஒரு பொருள் பக்கத்திலேயே வேறு சொல்லால் நிரப்பப்பட்டிருந்தால், நம் சொல்லுக்கு அந்தப் பொருள் தேவைப்படாது. இனம் என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும் விடை இது.

மூன்றும் கைவிடும் இடங்களும் உண்டு. ‘மா வீழ்ந்தது’ என்று மட்டும் இருந்தால் மரமா விலங்கா என்று சொல்ல முடியாது. அத்தகைய இடத்தில் ‘மாமரம் வீழ்ந்தது’ என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது எழுதுகிறவருக்கான விதி. வாசிக்கிறவர் இரண்டு பொருளையும் குறித்து வைத்துக்கொண்டு மேலே போகலாம். பிடிவாதமாக ஒன்றை முடிவு செய்வதைவிட இது நேர்மையானது.

7. சொல்லின் வயதைப் பாருங்கள்

பொருள் பொருந்துகிறது, இலக்கணமும் சரி, ஆனாலும் வாக்கியம் விசித்திரமாக இருக்கிறது என்றால் காலம் மாறியிருக்கலாம்.

‘கழகம்’ இன்று சங்கத்தையும் கட்சியையும் குறிக்கும். ‘கவறும் கழகமும் கையும்’ என்ற குறளில் அது சூதாடும் இடம். ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பொத்த வைக்கும் சொல். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறளில் அது மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணம். இந்த இடங்களில் உரையைப் பாருங்கள். ஆனால் ஊகத்தை எழுதி, அகராதியையும் பார்த்த பிறகே உரைக்குப் போங்கள். முதலிலேயே உரையைப் படித்தால் மூலத்தில் என்ன இருக்கிறது என்பதை நம் கண் பார்ப்பதில்லை, உரைகாரர் சொன்னதையே மறுபடி பார்க்கிறது.

8. ஒத்த சொற்களை உரசிப் பாருங்கள்

பொருள் கிடைத்ததும் அதற்கு ஒத்த சொற்களைத் தேடுவது, புரிதல் சரியா என்று சோதிக்கும் வழி. (‘ஒருபொருட் பன்மொழி’ என்ற பெயரை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இலக்கணத்தில் அது ‘மீமிசை’, ‘உயர்ந்தோங்கிய’ போல ஒரே பொருளை இரண்டு சொல்லால் அடுக்குவது. ஒத்த சொற்களுக்கு ‘ஒரு பொருள் குறித்த பல சொல்’ என்பதே சரி.)

எந்தத் திசையில் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியில் சொல்லிலிருந்து பொருளுக்குப் போகப் பெயரகராதி என்றும், பொருளிலிருந்து சொற்களுக்குப் போகப் பொருளகராதி என்றும் தனித்தனிப் பிரிவுகள். இந்தப் படியில் நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. நிகண்டுகளின் பெரும்பகுதி அதற்காகவே எழுதப்பட்டது. சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி மட்டும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்கிறது, அதுவும் எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்து ஒத்துவரும் வரிசையில். முதல் எழுத்தை வைத்துப் புரட்டினால் பிடிபடாது, பதிப்பின் பின்னால் உள்ள சொல்லகராதியைப் பாருங்கள்.

ஆனால் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே சொற்கள் சமமாகிவிடாது. யானையின் பெயர்களில் களிறும் இருக்கும், பிடியும் இருக்கும். களிறு ஆண், பிடி பெண்.

‘படித்தல்’ என்பதையே உரசிப் பார்ப்போம். வாசித்தல், ஓதுதல், கற்றல், பயிலுதல் என்று ஒத்த சொற்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்தில் மாற்றிப் போடுங்கள். ‘கடிதத்தைப் படித்தாள்’, ‘கடிதத்தை வாசித்தாள்’ இரண்டும் சரி. ‘பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்’ சரி, ‘பத்தாம் வகுப்பு வாசிக்கிறாள்’ என்றால் உறுத்துகிறது. ‘வீணை வாசித்தான்’ சரி, ‘வீணை படித்தான்’ என்றால் பொருளே மாறி, வீணை கற்றுக்கொண்டான் என்றாகிறது. ‘பாட்டுப் படித்தான்’ என்று பேச்சில் சொன்னால் பாடினான் என்று அர்த்தம். ‘மந்திரம் ஓதினார்’ என்ற இடத்தில் ‘படித்தார்’ என்று போட்டால் சடங்கின் தன்மை போய், தாளைப் பார்த்து வாசித்ததுபோல் ஆகிவிடும்.

படிக்கிறவர்களைக் குறிக்கும் பெயர்களில் இடைவெளி இன்னும் அதிகம். ‘வாசகர்’ நூலையோ இதழையோ வாசிப்பவர். ‘படித்தவர்’ கல்வி பெற்றவர், கடந்த பத்தாண்டில் ஒரு புத்தகத்தையும் திறக்காதவராகக்கூட இருக்கலாம். ‘படிப்பாளி’ பாடத்தில் மூழ்கியிருப்பவர். ‘ஓதுவார்’ கோயிலில் திருமுறை பாடுபவர். ‘மாணிக்கவாசகர்’ என்ற பெயரில் உள்ள வாசகர் வாசிப்பவரே அல்லர். அங்கே வாசகம் என்றால் சொல், மொழி. ‘திருவாசகம்’ நினைவுக்கு வந்தால் குழப்பம் போய்விடும்.

மாற்றிப் போடும் சோதனையில் மூன்று விளைவுகளைக் கவனியுங்கள்: பொருள் மாறாமல் இருக்கிறதா, பொருள் நகர்கிறதா, வாக்கியமே ஒடிகிறதா. மாறாமல் இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. நூலாசிரியர் ஏன் அந்த இன்னொரு சொல்லைப் போடவில்லை? இதற்கு விடை கிடைத்தால் சொல் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

9. குறித்து வையுங்கள், வாக்கியத்தோடு

சொல்லுக்கு எதிரே பொருளை மட்டும் எழுதுகிற குறிப்பேடு கொஞ்ச நாளில் இன்னொரு அகராதியாகிவிடும், அதுவும் மோசமான அகராதி. வாக்கியத்தை எழுதுங்கள், சொல்லின் கீழே கோடிடுங்கள், அங்கே என்ன பொருள், எந்தக் கேள்வி அதைத் தீர்த்தது என்று எழுதுங்கள்.

பயிற்சிக்கு இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்: ‘மாடிப்படியில் தூசி படிந்திருந்தது, அம்மா சொன்னபடி துடைத்துவிட்டு, கையெழுத்துப் படியைப் படிக்க உட்கார்ந்தான்.’ குறிப்பு இப்படி அமையும்:

மாடிப்படி: ஏறும் படி. தீர்த்தது இனம், ‘மாடி’.

படிந்திருந்தது: தங்கியிருந்தது. தீர்த்தது இறந்தகால வடிவம்.

சொன்னபடி: சொன்னவாறு. பெயரெச்சத்தோடு ஒட்டி வந்திருப்பதால் தனிப் பெயர்ச்சொல் அல்ல.

கையெழுத்துப் படி: பிரதி. தீர்த்தது இனமும் வினையும், ‘கையெழுத்து’, ‘படிக்க’.

படிக்க: வாசிக்க. ‘வாசிக்க’ என்று மாற்றினாலும் நிற்கிறது, ‘கற்க’ என்று மாற்றினால் நிற்கவில்லை.

‘பயணப்படி’, ‘அகவிலைப்படி’ என்று சம்பளப் பட்டியலில் வரும் படி இன்னும் மிச்சம். அதற்கு வாக்கியம் கிடைக்கும்போது அதே பக்கத்தில் சேர்த்துக்கொள்ள இடம் விட்டு வையுங்கள்.